பட்டியலில் பதினான்காவது பெயர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தடுப்பூசிப் பெட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது, வலி வந்தவளை எப்படி ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதற்கு நான் தேவையில்லை. பயிற்சியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது நல்ல வார்த்தையாக இருக்குமா என்று தெரியாது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுத வருகிறது.

இதில் யார் பெயரும் வராது, ஊர் பெயரும் வராது. மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பேர் இல்லாம எழுதினா கதை மாதிரி இருக்குமேங்க” என்றார் கேட்டவர். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்தத் தடைக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெண் என்று தெரிந்ததும் எங்கோ ஒரு பூட்டிய அறையில் கலைத்துவிட்டு, ரத்தம் நிற்காமல் என் துணை சுகாதார நிலையத்து வாசலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களை என் கையால் தாங்கியிருக்கிறேன். அப்படிப் பார்த்துச் சொல்வதைத் தடை செய்தது நியாயம்தான். ஆனால் தடையை நடைமுறைப்படுத்த நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திருட்டு ஸ்கேன் மெஷின் வைத்திருப்பவனைப் பிடிப்பது கஷ்டம். அவன் அதைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறான். கர்ப்பிணியைப் பிடிப்பது சுலபம். அவள் இரும்புச்சத்து மாத்திரைக்கும் ஊசிக்கும் தானாகவே நம்மிடம் வந்து நிற்கிறாள். ஆகவே உத்தரவு வந்தது: இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்றாவது கர்ப்பமா, அவர்களைத் தனிப் பட்டியலாக எடு. பெயர், ஊர், கதவு எண், எத்தனை மாதம், இருக்கிற குழந்தைகளின் பெயர், வயது, தொடர்புக்கு ஒரு போன் எண். அந்த வரிகளுக்கு மட்டும் சிவப்பு வண்ணம் போட வேண்டும். வாரம் ஒரு முறை அது எங்கள் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருட்டு ஸ்கேன் நடத்துகிறவனுக்கு இந்த உலகத்தில் வேண்டிய ஒரே காகிதம் எது? அதை நாங்களே தயாரித்தோம். எழுத்துப் பிழை திருத்தி, அகர வரிசைப்படி அடுக்கி, வாரா வாரம் சுடச்சுடக் கொடுத்தோம். குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மாறுதலாகிப் போனவர்கள், வேலையை விட்டவர்கள், யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத எண்கள் என எல்லாமும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் போனை அவள் வீட்டுக்காரர்தான் பாதி நேரம் வைத்திருப்பார். ஒருவரையும் யாரும் நீக்கியதில்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மருந்தாளுநர் இருந்தார். என் வயதுக்காரர், சிடுசிடுப்பானவர். சில மாத்திரைகளை மட்டும் பெயர் சொல்லாமல் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்து, “அதேதான், அதே மாதிரி சாப்பிடுங்க” என்பார். அது என்ன நோய்க்கு என்று வரிசையில் பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஒருநாள் நான் பெருமையாக அந்தச் சிவப்புப் பட்டியலை அவரிடம் போனில் காட்டினேன். மாவட்டத்திலேயே எங்கள் வட்டாரம்தான் முழுமையாக முடித்திருந்தது. அவர் போனைத் தள்ளிவிட்டார்.

“இத எதுக்கும்மா எனக்குக் காட்டறீங்க? எனக்குத் தெரிய வேண்டியதில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் தவறு. ஊரில் நிறையப் பெண்களுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. இருந்தாலும் அது வீட்டுக்காரன் பையில்தான் இருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். போன் எண் என்ற கட்டத்தில் எங்கள் சொந்த எண்ணையே போட்டுவிடுவோம். என் ஒரு எண்ணில் ஒரு காலத்தில் பதினோரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். மேலிடத்துக்குத் தெரியாது, தெரிந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். சட்டப்படி பார்த்தால் தப்புதான். ஆனால் அந்தத் தப்புதான் இத்தனை வருடம் அவர்களைக் காப்பாற்றியது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்தப் பெண் ஒரு தடுப்பூசி நாளில் வந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் உள்ளவள். கூட்டம் போகும்வரை சுவரோரமாக நின்றுவிட்டுக் கிட்டே வந்தாள்.

“நர்சம்மா, நாள் தள்ளிப் போயி மூணு மாசம் ஆவுதுங்க. வூட்ல யாருக்கும் சொல்லல. அவருக்குக்கூட.”

“ஏன் கண்ணு?”

“சொன்னா என்னா புள்ளன்னு பாக்கக் கூட்டிட்டுப் போவாங்க. வயிறு வெளிய தெரியட்டும், அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இது எதுவா இருந்தாலும் எனக்கு வேணுங்க. மாத்திரை மட்டும் குடுங்க.”

மாத்திரை கொடுத்தேன். பதிவும் செய்தாக வேண்டும். பதிவு எண் இல்லாவிட்டால் நாளைக்குக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க நடையாய் நடக்க வேண்டும். வழக்கம்போல என் எண்ணைப் போட்டேன். திரையில் ஏற்க முடியாது என்று சிவப்பாக ஒரு வரி வந்தது. செயலியை மாற்றிவிட்டார்களாம், இனி ஒரு எண் ஒரு தாய்க்குத்தான். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மாதாந்திரக் கூட்டத்தில் சுவரில் பெரிய திரை போட்டு, யார் யார் பாக்கி என்று பெயர் பெயராகப் படித்தார்கள். என் நிலையத்தில் ஒன்று பாக்கி. அதிகாரி மைக்கில் கேட்டார். “என்னம்மா, ஒரு நம்பர் போட முடியலயா? இத்தனை வருசம் சர்வீஸ் வேற.” எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முகமெல்லாம் சூடாகிவிட்டது. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, பழைய குடும்பப் பதிவேட்டைப் புரட்டி, அவளுடைய இரண்டாவது பிரசவத்தின்போது எழுதி வைத்திருந்த வீட்டுக்காரனின் எண்ணை எடுத்து ஏற்றிவிட்டேன். இதுவரை யாரும் அந்த எண்களுக்குப் போன் செய்து நான் பார்த்ததில்லை. யார் செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். பச்சை வரி வந்தது. அதிகாரி அடுத்த பெயருக்குப் போனார்.

அடுத்த புதன்கிழமை அவள் மறுபடி வந்தாள். சின்னவளை இடுப்பில் வைத்திருந்தாள். ஊசி போட வந்தவர்கள் இருக்கும்போதே கேட்டாள்.

“நர்சம்மா, நீங்க யாருகிட்ட சொன்னீங்க?”

உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். முந்தாநாள் அவள் வீட்டுக்காரனுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. அவன் மாரண்டஹள்ளி மண்டியிலிருந்து தக்காளி லோடு அடிக்கிறவன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசியிருக்கிறான். எதிர்முனையில் இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினானாம். சென்டரிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டில் நாலாவது மாதம் தொடங்கிவிட்டதே, இருப்பது இரண்டும் பெண்ணாமே, வெள்ளிக்கிழமை தொப்பூர் கணவாய் தாண்டி ஒரு ஓட்டலில் நில்லுங்கள், எங்கள் கார் வரும், பார்த்துச் சொல்லிவிடுவோம் என்றிருக்கிறான்.

“அவரு வூட்டுக்கு வந்து சோறு திங்காம என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தாருங்க. என்கிட்டக்கூட மறைச்சிட்டியான்னு கேட்டாரு. அத்தை வெள்ளிக்கெழம போயிட்டு வந்துரலாம்னு சொல்லிட்டாங்க. உங்களத் தவிர யாருக்குமே நான் சொல்லலியே நர்சம்மா.”

“நான் யாருகிட்டயும் சொல்லலம்மா” என்றேன். குரலை உயர்த்தியே சொன்னேன். வாயைத் திறந்து நான் சொல்லவில்லை, உண்மைதான். அவள் போன பிறகு குழுவைத் திறந்து அந்த வாரத்துப் பட்டியலைப் பார்த்தேன். பதினான்காவது பெயர் அவளுடையது. பக்கத்தில் வீட்டுக்காரனின் எண். அதற்குப் பக்கத்தில் இரண்டு பெண் குழந்தைகளின் பெயரும் வயதும். எல்லாம் சிவப்பு. அதை ஏற்றிய விரல் என்னுடையது.

உடனே அந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். பட்டியல் வெளியே போய்விட்டது சார் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் அது விழவே இல்லை. கார், தொப்பூர், வெள்ளிக்கிழமை என்பது மட்டும் விழுந்தது.

“அருமையான சான்ஸ்மா. அந்தப் பொண்ண போகச் சொல்லுங்க. பின்னாடியே நம்ம டீம் வரும். மெஷினோட பிடிச்சிடலாம்.”

“சார், அவ வீட்டுக்காரன்கிட்டயே மறைச்சு வச்சிருந்தவ. அவளுக்கு இதுல போக விருப்பமே இல்ல.”

“ஒரு மணி நேரம்தானே. அவளுக்கு என்ன ஆகப் போகுது?”

என்ன ஆகப் போகுதா? கார் கதவைச் சாத்திக்கொண்டு எங்கே போவான் என்று யாருக்குத் தெரியும்? பிடித்த பிறகு சாட்சி என்று அவளை எத்தனை முறை இழுப்பார்கள்? அவள் முகத்தைத் துணியால் மூடிப் படம் எடுத்துப் போட்டால் அவள் ஊரில் யாருக்கு அடையாளம் தெரியாது? தன் வயிற்றுச் செய்தியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்க நினைத்த பெண்ணை முதலில் ஊருக்கு விற்றோம், இப்போது அவளையே தூண்டிலில் மாட்டி ஆற்றில் விடச் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அரசாங்கம் கொடுத்த போன், உடைத்தால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும் என்பதால் விட்டேன்.

அன்று சாயங்காலமே தனியாகப் பார்த்து அவளிடமே கேட்டேன், மறைக்காமல் கேட்டேன். நீ போனால் அவர்களைப் பிடிப்பார்களாம், போகிறாயா என்று. “நான் போகலீங்க” என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு வேறு உத்தரவு தேவைப்படவில்லை. வீட்டுக்காரன் போனிலிருந்து அவள் எடுத்துத் தந்த அந்த ஆளின் எண்ணையும் ஓட்டல் விவரத்தையும் எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். உங்கள் ஆட்களை நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றேன். அவள் இல்லாமல் பிடிக்க முடியாதாம். வெள்ளிக்கிழமை அந்த ஓட்டலுக்கு எங்கள் ஆட்கள் யாரும் போகவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். சட்டம், ஜெயில், அபராதம் என்று மிரட்டுவதுதான் வழக்கம். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். வீட்டுக்காரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். லோடுக்குப் போகவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் கேட்டான்.

“நர்சம்மா, எம்புள்ளைங்க பேரு அவனுக்கு எப்படிங்க தெரியும்?”

கையில் இருந்த பையைத் தரையில் வைத்தேன்.

“ரெண்டு பேரு பேரும் சொன்னான். வயசு சொன்னான். கதவு நம்பர் சொன்னான். மூணு நாளா பெரியவள நானே பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, சாயங்காலம் விடறதுக்கு முன்னயே போயி வாசல்ல நின்னு கூட்டியாறேன்.”

உள்ளிருந்து அவன் அம்மா வந்தார்கள். அவர்கள் முகத்திலும் பயம்தான் இருந்தது.

“ஆசுபத்திரியில இருந்துதான் பேசறாங்கன்னு நெனச்சோம் நர்சம்மா. அத்தினியும் சரியாச் சொன்னா கவுருமெண்டு ஆளுன்னுதான தோணும்? கவுருமெண்டே வான்னு கூப்புடுதேன்னுதான் நானும் போலாம்னு சொன்னேன்.”

இதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. எந்தத் திருட்டு ஸ்கேனை ஒழிக்கத் தடை போட்டோமோ, அதை நடத்துகிறவனுக்கு அரசாங்க ஆள் என்ற அடையாளத்தை நாங்களே கொடுத்திருக்கிறோம். இத்தனை விவரம் தெரிந்தவன் திருடனாக இருப்பான் என்று எந்த வீட்டில் சந்தேகப்படுவார்கள்?

மிரட்டிவிட்டு வந்திருக்கலாம். மிரட்டினால் பயந்துகொண்டு அவர்கள் அந்த ஓட்டலுக்குப் போகாமல் இருந்திருப்பார்கள், என் பெயரும் கெட்டிருக்காது. அங்கே நின்ற அந்த ஒரு நிமிடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். “அவன் ஆஸ்பத்திரி ஆள் இல்லீங்க. ஆனா அந்த விவரம் எங்கிட்ட இருந்துதான் போச்சு. உங்க நம்பரப் போட்டது நான்தான்” என்றேன்.

அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். புதன்கிழமை குரலை உயர்த்தி நான் சொன்னதை நினைத்திருப்பாள்.

வீட்டுக்காரன்தான் கேட்டான். “எத்தன பேரு பாத்திருப்பாங்க?”

“இருநூறு பேருக்கு மேல.”

“அதுல ஒருத்தன்தான் போன் பண்ணியிருக்கான். மிச்சம் பேரும் பண்ணுவாங்களா?”

இதை உங்களிடமே கேட்கிறேன். நாங்கள் போக மாட்டோம் என்று அவன் சொன்னான். அவன் அம்மா தலையாட்டினார்கள். வாசல்வரை வந்து அவன் இன்னொன்றும் சொன்னான். “இனிமே எங்க வூட்டப் பத்தி எதுலயும் எழுதாதீங்க.”

ஒத்துழைக்கவில்லை என்று அலுவலகத்தில் எனக்கு மெமோ கொடுத்தார்கள். பட்டியல் எப்படி வெளியே போனது என்று விசாரணை நடந்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது: அலுவல் பணிக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த இன்று முதல் தடை. அந்தச் சுற்றறிக்கை எங்களுக்கு எதில் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதே வாட்ஸ்அப் குழுவில்தான். கீழே வரிசையாக நாற்பது பேர் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்து எங்கள் சொந்தப் போன்களை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் செருப்பைக் கழற்றிப் போடுவது போலப் போட்டுவிட்டு உள்ளே போனோம். இனி ரகசியம் காப்போம் என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் பாதுகாப்பான புதுச் செயலி என்று ஒன்றைத் திரையில் காட்டினார்கள். அதில் பழைய கட்டங்கள் எல்லாமும் அப்படியே இருந்தன. கூடவே இரண்டு புதுக் கட்டங்கள்: கர்ப்பிணியின் புகைப்படம், வீடு இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடப் புள்ளி.

நான் எழுந்தேன். “சார், தடை பண்ண வேண்டியது அந்த லிஸ்ட்ட. இதுல போட்டோவும் சேர்த்துக் கேக்கறீங்களே?”

“உட்காருங்கம்மா. சர்வர் பாதுகாப்பா இருக்கு.”

உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி மீது இருக்கும் கோபத்தைவிட எனக்கு என் மீதுதான் அதிகக் கோபம், அன்றைக்கு உட்கார்ந்ததற்காக. ஓய்வூதியம் நெருங்கும் நேரம், இன்னொரு மெமோ வேண்டாம் என்று நினைத்தேன். என்னைப் போலவே ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீங்கள் உட்காராதீர்கள். இந்தக் கட்டம் எதற்கு, இதை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். ஒரு எண்ணை ஏற்றுவதற்கு முன்பு, இந்த நம்பருக்குப் பேசினால் யார் எடுப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். எனக்கு அதைக் கேட்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஐந்தாவது மாதம் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செயலியில் அவள் பெயருக்கு நேராகக் “காணவில்லை” என்று வந்தது. கண்டுபிடி, கண்டுபிடி என்று தினமும் போன். ஓசூருக்கும் அப்பால், எல்லை தாண்டி லோடு அடிக்கப் போயிருக்கிறார்கள் என்று அவள் அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த அக்காவிடமே மாத்திரையும், இதுவரை பார்த்த ரத்த அழுத்தம், எடையெல்லாம் எழுதிய சீட்டும் கொடுத்தனுப்பினேன். பிரசவம் மட்டும் வீட்டில் வேண்டாம், அங்கே எந்த ஆஸ்பத்திரியானாலும் போகச் சொல் என்று சத்தியம் வாங்கினேன். அந்தப் பெண் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டிவிட்டாள் என்ற செய்தி வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. செயலியில் “விவரம் தெரியவில்லை” என்று எழுதினேன். என் போன் எண்ணைப் போட்டதை விட்டால், தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதற்கு வருத்தப்பட மாட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலை மாரண்டஹள்ளி பஸ் நிலையத்தில் பாலக்கோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். இரண்டு பெண்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தோளில் மூன்றாவது. நான் திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவளே கிட்டே வந்தாள்.

“நல்லாருக்கீங்களா நர்சம்மா?”

“நல்லாருக்கேன்மா” என்றேன். கை என்னை அறியாமல் குழந்தையின் பக்கம் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். கேட்க வந்த கேள்வியையும் விழுங்கினேன்.

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். “இப்ப எதுலயும் ஏத்தறதில்லியே?” என்றாள்.

“இல்லம்மா. வேலை முடிஞ்சிருச்சு.”

குழந்தையை என் கையில் கொடுத்தாள். நல்ல கனம். என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவள் என் காதருகில் குனிந்து அதன் பெயரைச் சொன்னாள். “உங்களோட இருக்கட்டுங்க” என்றாள்.

அது ஆணா, பெண்ணா என்று இதைப் படிக்கிற நீங்கள் எல்லாருமே கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.